கொதிக்கும் பாலில் உறைமோர் ஊற்றலாமா?

புரட்டாசி பிறந்து பத்து நாள்கூட ஆகவில்லை. கொடுமுடி, மொடக்குறிச்சிப் பக்கத்திலிருந்து அழுகிய மஞ்சள் கிழங்கைச் சாக்கில் கட்டிக்கொண்டு எங்கள் பயிர் மருத்துவ நிலையத்துக்கு வந்தவர்களில் அவர் ஏழாவது ஆள். அடி இலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளாகிக் காய்ந்திருந்தன; தண்டு மண்ணைத் தொடும் இடம் நீர் ஊறிக் கொழகொழத்திருந்தது; கிழங்கை அழுத்தினால் விரல் உள்ளே போயிற்று. "ஏனுங்க, பாக்டீரியா மருந்தெல்லாம் ஊத்துனனுங்க, ஒண்ணுக்கும் கேக்கலீங்க" என்றார். எப்படி ஊற்றினீர்கள் என்று கேட்டேன். இருநூறு லிட்டர் டிரம்மில் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாத் தூள் இரண்டு கிலோ, அதே டிரம்மில் காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற செம்பு கலந்த பூஞ்சாண மருந்து, எதற்கும் இருக்கட்டும் என்று ஸ்ட்ரெப்டோமைசின் என்ற ஆன்டிபயாடிக் பொட்டலமும் சேர்த்துக் கலக்கி ஊற்றியிருக்கிறார்.

இதே கலவையை இந்தப் பருவத்தில் நான்கு பேர் சொல்லிவிட்டார்கள் என்பதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். கோளாறு 'மருந்து' என்ற சொல்லிலேயே தொடங்குகிறது. கடையில் பொட்டலத்தில் கிடைப்பது எல்லாம் நம் ஊரில் மருந்துதான். மருந்து என்றால் நோய் வந்த பிறகு கொடுப்பது, இரண்டு மூன்றைச் சேர்த்துக் கொடுத்தால் வேகம் கூடும் என்று மனம் தானாகவே கணக்குப் போட்டுக்கொள்கிறது. சூடோமோனாஸ் புளோரசன்ஸ் என்பது உயிருள்ள பாக்டீரியா. வேரைச் சுற்றியுள்ள மண்ணில் முதலில் குடியேறி, இடத்தையும் இரும்புச் சத்தையும் தான் பிடித்துக்கொண்டு, பின்னால் வரும் நோய்க் கிருமியைப் பட்டினி போடுவதும், பயிரின் எதிர்ப்புத் திறனைத் தூண்டிவிடுவதும் அதன் வேலை. இந்த வேலைக்கு அது முன்கூட்டியே வந்திருக்க வேண்டும், உயிரோடும் இருக்க வேண்டும்.

வீட்டில் தயிர் உறை ஊற்றும் பெண்களிடம் இதை விளக்க எனக்கு இரண்டு நிமிடம்கூட ஆவதில்லை. அடுப்பில் கொதித்துக்கொண்டிருக்கும் பாலில் யாரும் உறைமோர் விடுவதில்லை; திரிந்துபோன பாலில் விட்டுத் தயிராகும் என்று எதிர்பார்ப்பதும் இல்லை. செம்பு கலந்த மருந்தோடு பாக்டீரியாவைக் கரைப்பது முதல் வகை. கிழங்கு அழுகிய பிறகு தூரில் ஊற்றுவது இரண்டாவது வகை. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான், ஆனாலும் இதைத்தான் ஆண்டுதோறும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

"இது பாக்டீரியா, அது பூஞ்சைக்கான மருந்து, ஒன்றையொன்று தொடாது" என்று சில கடைகளில் விளக்கம் கொடுக்கிறார்கள். அரை உண்மை முழுப் பொய்யைவிட அதிகச் செலவு வைக்கும். எல்லாப் பூஞ்சாண மருந்தும் பாக்டீரியாவைக் கொல்வதில்லை என்பது சரி. ஆனால் செம்பு இரண்டையும் கொல்லும், ஸ்ட்ரெப்டோமைசினோ பாக்டீரியாவைக் கொல்வதற்கென்றே தயாரிக்கப்பட்டது. போகிற போக்கில் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: மஞ்சள் கிழங்கு அழுகலுக்குக் காரணமான பித்தியம், பூஞ்சை போலத் தோன்றினாலும் உண்மையான பூஞ்சை இனத்தைச் சேர்ந்தது அன்று. ஆகவே கார்பென்டசிம் என்ற பூஞ்சாண மருந்தை மூட்டை மூட்டையாகக் கொட்டினாலும் அது அசையாது. அழுகல் தொடங்கிவிட்ட பாத்திக்கு மெட்டலாக்சிலோ காப்பர் ஆக்சிகுளோரைடோதான் ஊற்ற வேண்டியிருக்கும். ஊற்றினால் பதினைந்து நாள் கழித்தே பாக்டீரியாவை மண்ணில் விட வேண்டும்.

முறையாகச் செய்வதென்றால் வேலை வைகாசியில், நடவுக்கு முன்பே தொடங்குகிறது. நோய் கண்ட காட்டிலிருந்து விதைக் கிழங்கு எடுக்காதீர்கள்; உறவுக்காரர் சும்மா கொடுத்தாலும் வேண்டாம். நல்ல கிழங்கை, லிட்டர் தண்ணீருக்குப் பத்து கிராம் சூடோமோனாஸ் கரைத்த நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி நட வேண்டும். ஏக்கருக்கு ஒரு கிலோவை நன்கு மக்கிய தொழுவுரத்தில் கலந்து, ஈரம் இருக்கும்போது, வெயில் தாழ்ந்த பிறகு இட வேண்டும். பச்சைச் சாணத்தில் கலந்து தராதீர்கள், அது வேறு வம்பு. வாய்க்கால் பாசனத்தில் தண்ணீர் தேங்கி நிற்கும் பாத்திக்கு எந்த பாக்டீரியாவும் உதவாது. மேட்டுப் பாத்தி போட்டு வடிகால் எடுத்துவிட்டு மற்றதைப் பேசலாம்.

பல்லடம், தாராபுரம் பக்கத்துச் சின்ன வெங்காயத்தில் வரும் அடித்தாள் அழுகலும், கோபி, சத்தியமங்கலத்து வாழையில் வரும் வாடலும் பியூசேரியம் என்ற பூஞ்சையின் வேலை. அங்கேயும் விதை வெங்காயம், வாழைக் கட்டை ஆகியவற்றை நேர்த்தி செய்வதுதான் ஆதாரம். வாடிய வாழையைப் பிழைக்கவைக்க முடியாது.

சொட்டுநீர்க் குழாய் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீரால் துளை அடைத்துக்கொள்வதும், அதற்கு ஆசிட் விடுவதும் வாடிக்கைதான். ஆனால் ஆசிட் விட்ட மறுநாளே அதே குழாயில் பாக்டீரியாவையும் விடுகிறீர்கள். நல்ல தண்ணீரை ஓடவிட்டுக் குழாயை அலசுங்கள், சில நாள் இடைவெளி கொடுங்கள். டால்க் பவுடரில் வரும் தூள் வடிகட்டியை அடைக்கும் என்பதால் திரவ வடிவத்தையே வாங்குங்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகம் உருவாக்கிய பி.எஃப்.1 என்ற சூடோமோனாஸ் ரகம் டால்க் தூளாகத்தான் பரவலாகக் கிடைக்கிறது. அது சில மாதமே தாங்கும். பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற இன்னொரு பாக்டீரியா வித்தாக உறங்கக்கூடியது என்பதால் வெப்பத்தையும் நாளையும் ஓரளவு பொறுக்கும்; சூடோமோனாஸுக்கு அந்த வசதி இல்லை. தகரக் கூரையின் கீழ் சித்திரை வெயிலைக் கண்ட பொட்டலம், தேதி மிச்சமிருந்தாலும் வெறும் முகப்பவுடர்தான்.

வந்தவரிடம், நோய் கண்ட பாத்தியைச் சுற்றி வாய்க்கால் வெட்டித் தண்ணீர் அடுத்த பாத்திக்குப் போகாமல் தடுக்கவும், அழுகிய தூர்களை வேரோடு எடுத்து அப்புறப்படுத்தவும், அந்த நிலத்தில் அடுத்த பட்டத்துக்குச் சோளம் போடவும் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, பையிலிருந்து இன்னும் பிரிக்காத ஒரு கிலோ பொட்டலத்தை எடுத்து, அடுத்த வருசத்துக்கு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். பின்பக்கத்தைத் திருப்பிப் படிக்கச் சொன்னேன். கெடு ஆடியிலேயே முடிந்திருந்தது.