‘ரிப்போர்ட் எல்லாம் நார்மல்’ என்ற பிறகு

என் எதிரே வந்து அமர்பவர்களில் சிலர், பேச வாயெடுப்பதற்கு முன்பே ஒரு தடித்த கோப்பை மேசைமேல் வைத்துவிடுவார்கள். இசிஜி, எக்கோ, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை என அனைத்தும் தேதி வாரியாக அடுக்கப்பட்டிருக்கும். எதிலும் குறை இருக்காது. மகிழ வேண்டியவர் முன்னிலும் கலங்கிப் போயிருப்பார். “எல்லாம் நார்மல் என்றால், நான் நடிக்கிறேனா டாக்டர்?” என்ற கேள்வியைப் பொது மருத்துவராக நான் பலமுறை எதிர்கொண்டிருக்கிறேன்.

அண்மையில் அப்படிக் கேட்டவர், 40 வயதைக் கடந்த ஒரு கணக்கர். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியே எழுதுகிறேன். பின்னிரவு 3 மணிக்கு நெஞ்சு படபடத்து விழித்துக்கொள்கிறார். அதன் பிறகு தூக்கம் வருவதில்லை. தன் ஸ்மார்ட் வாட்சை என் பக்கம் திருப்பி, இரவில் 112 என்று பதிவான நாடித்துடிப்பைக் காட்டினார். பேசிக்கொண்டிருந்த பத்து நிமிடத்துக்குள் அந்தத் திரையை அவர் ஆறு முறை பார்த்ததை நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அவர் நடிக்கவில்லை. ஆபத்து நெருங்குவதாக மூளை உணர்ந்ததும் சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் அட்ரீனலினை வெளியிடுகின்றன. இதயம் வேகமெடுக்கிறது, மூச்சு மேலோட்டமாகிறது, செரிமான உறுப்புகளுக்குப் போகும் ரத்தம் குறைந்து தசைகளுக்குத் திருப்பிவிடப்படுகிறது. ‘போரிடு அல்லது ஓடு’ என்று இன்று நாம் அழைக்கும் இந்த எதிர்வினையை வால்டர் கேனன் என்ற உடலியல் அறிஞர் 1915-லேயே விளக்கிவிட்டார். ஓடித் தப்பிப்பதற்காக உடல் செய்யும் இந்த ஏற்பாடு, முடிக்க வேண்டிய கணக்கையும் கட்ட வேண்டிய கடன் தவணையையும் நினைத்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கும் அப்படியே நடக்கிறது. கால்கள் ஓடுவதில்லை, இதயம் மட்டும் ஓடுகிறது. படபடப்பைக் கவனித்தவர் பயப்படுகிறார், பயம் மேலும் அட்ரீனலினைச் சுரக்கச் செய்கிறது, கடிகாரத்தில் எண் இன்னும் ஏறுகிறது. வயிற்றுப் பொருமல், கழுத்துவலி, தலைபாரம் என்று வருபவர்கள் பலரிடமும் இதே சுழற்சியைப் பார்க்கிறேன். ஆகவே, “உங்களுக்கு ஒன்றுமில்லை, போய் வாருங்கள்” என்று நாங்கள் அனுப்பிவைப்பது மருத்துவ ரீதியாகவே தவறான வாக்கியம் என்பது என் கருத்து.

எதிர்ப்பக்கத் தவறையும் நான் செய்திருக்கிறேன். பணி தொடங்கிய ஆண்டுகளில், எப்போதும் சோர்வாக இருப்பதாகச் சொன்ன ஒரு பெண்ணிடம் வீட்டுச் சூழலை விசாரித்துவிட்டு, “டென்ஷன்தான் காரணம்” என்று முடிவு கட்டினேன். சில வாரங்கள் கழித்து வேறொரு மருத்துவர் எடுத்த பரிசோதனையில் அவருடைய ஹீமோகுளோபின் 7 கிராம்தான் இருந்தது. ரத்தசோகை, தைராய்டு குறைபாடு, வைட்டமின் பி12 பற்றாக்குறை ஆகிய மூன்றுமே மனச்சோர்வைப் போல வேடம் போடக் கூடியவை. சத்தமாகக் குறட்டை விட்டு, பகலில் உட்கார்ந்த இடத்தில் கண்ணயர்பவருக்குத் தூக்கத்தில் மூச்சு தடைப்படும் நோய் இருக்கலாம். நெஞ்சில் அழுத்தம் தோன்றி, வலி கைக்கோ தாடைக்கோ பரவி, வியர்த்துக் கொட்டினால் ‘மனக்கவலையாக இருக்கும்’ என்று தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிக்கொள்ளாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கணக்கருக்கு இவையெல்லாம் ஏற்கெனவே பார்த்தாகிவிட்டன. எனவே அவருடைய இரவைப் பற்றி விசாரித்தேன். மாலை 6 மணிக்கு ஒரு காபி, படுக்கையிலும் அலுவலக மின்னஞ்சல், தூக்கம் கெட்டதை ஈடுகட்ட விடுமுறை நாட்களில் பகல் 11 மணி வரை படுக்கை. குடித்த கஃபீனில் பாதி வெளியேறவே ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும் என்பதால், அவர் படுக்கும்போதும் அந்தக் காபி உடலில் வேலை செய்துகொண்டுதான் இருந்தது. காபியை நண்பகலோடு நிறுத்துவது, எத்தனை மணிக்குத் தூங்கினாலும் தினமும் ஒரே நேரத்தில் எழுவது, தூக்கம் வராமல் 20 நிமிடம் போல் புரண்டால் எழுந்து வேறு அறையில் மங்கிய வெளிச்சத்தில் உட்கார்ந்துவிட்டுக் கண் சொக்கும்போது திரும்புவது என மூன்றை முதலில் சொன்னேன். வாட்சை இரவில் கழற்றி வைக்கச் சொன்னபோதுதான் அவர் தயங்கினார். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பு என்பது உலக சுகாதார நிறுவனம் 2020-ல் தந்த வழிகாட்டுதல். அவர் நடக்கவே நடக்காதவர் என்பதால் பத்து நிமிடத்தில் தொடங்கச் சொன்னேன்.

எல்லோருக்கும் இவ்வளவு போதாது. நாளின் பெரும்பகுதி நீங்காத சோகமோ, விருப்பமான எதிலும் நாட்டமின்மையோ இரண்டு வாரங்களுக்கு மேல் தொடர்ந்தால், அது மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டிய நிலை. அவர் தரும் மாத்திரைகளின் பலன் தெரியவே சில வாரங்கள் ஆகும். நான்காம் நாளே ‘கேட்கவில்லை’ என்று நிறுத்திவிடுபவர்களை நிறையப் பார்க்கிறேன். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தாலோ, மாரடைப்புக்குக் காட்டும் அதே அவசரத்தைக் காட்ட வேண்டும்; அந்த எண்ணம் உள்ளவரைத் தனியாக விடக் கூடாது.

கணக்கர் ஆறு வாரம் கழித்து வந்தார். படபடப்பு முற்றிலும் போய்விடவில்லை, வாரத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கிறது என்றார். “இப்போது எண்ணிப் பார்ப்பதில்லை டாக்டர், அது பாட்டுக்கு வந்து போகிறது” என்றவரின் மணிக்கட்டில் வாட்ச் இருந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது.