ஸ்கேல்: சுருதியா, சுரவரிசையா?

களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் மார்த்தாண்டத்திலும் அந்தப் பக்கம் பாறசாலையிலும் கீபோர்டு கற்பவர்கள் ‘ஸ்கேல்’ என்ற சொல்லை இரண்டு பொருளில் கேட்கிறார்கள். “சி மேஜர் ஸ்கேல் வாசி” என்று ஆசிரியர் சொன்னால், கீழ் ச முதல் மேல் ச வரை ஏறி இறங்க வேண்டும். “இந்தப் பாட்டு என்ன ஸ்கேல்?” என்று கொயர் மாஸ்டர் கேட்டால், அவருக்கு வேண்டியது சுருதி.

இரண்டாவது பொருளுக்குப் புதுச்சொல் தேட வேண்டியதில்லை; ‘கட்டை’ இருக்கிறது. ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை எண்ணி வந்த வழக்கு அது. ஒரு கட்டை என்றால் சி, இரண்டு கட்டை டி, ஐந்தரைக் கட்டை ஜி ஷார்ப். மலையாளத்திலும் ‘கட்ட’ என்றே சொல்கிறார்கள். ஆனால் கட்டை ஆதார சுருதியை மட்டுமே காட்டும். மேஜரா மைனரா என்பதைத் தனியே சொல்லியாக வேண்டும்.

ஸ்கேலின் வேர், லத்தீனில் ஏணியைக் குறித்த ‘ஸ்காலா’. சுரங்கள் படிப்படியாக ஏறுவதால் இசைக்கு அந்தப் பெயர் வந்தது. கோடு போடும் ஸ்கேலும் அதே வேர்தான். அதில் படிகளாக நிற்பவை அளவுக் கோடுகள். தராசைக் குறிக்கும் ஸ்கேல் வேறு. கிண்ணத்தைக் குறித்த பழைய நார்ஸ் மொழிச் சொல்லிலிருந்து வந்தது அது. கோடு போடும் ஸ்கேலோடு வேர் ஒன்றே ஆனாலும், இசை ஸ்கேல் எதையும் அளப்பதில்லை; அதை ‘அளவுகோல்’ என்று பெயர்ப்பது பிழை.

‘ராகம்’ என்பதும் பொருந்தாது. ராகத்துக்குக் கமகமும் (சுரங்களின் அசைவு) பிடிகளும் (அதன் அடையாளமான சுரக்கோவைகள்) உண்டு. ஸ்கேல் வெறும் சுர அடுக்கு. பழந்தமிழ் இசையின் ‘பாலை’ பொருளில் நெருங்கி வருகிறது. ஏழு பெரும்பாலைகளில் அரும்பாலையை இன்றைய சங்கராபரணத்தோடு, அதாவது மேஜர் ஸ்கேலோடு, ஆய்வாளர்கள் பலர் பொருத்துகிறார்கள். ஆயினும் பாலை ஏழு சுர அமைப்பின் பெயர். ஐந்து சுர ஸ்கேலுக்கும் பன்னிரண்டு சுரமும் வரும் குரோமாட்டிக்குக்கும் அது இடம் தராது. பயிற்சியறையில் சரியாக உட்காரும் சொல் ‘சுரவரிசை’. கர்நாடக இசையின் தொடக்கப் பயிற்சியான சரளி வரிசையின் ‘சரளி’ கூட ‘சுராவளி’ மருவியதுதான். அதற்கும் சுரங்களின் வரிசை என்றே பொருள். பாட்டு வகுப்புக்குப் போன பிள்ளைக்கு இதை விளக்கவே வேண்டாம்.

சுரவரிசைப் பயிற்சியின் உயிர் பெருவிரல் மாறும் இடத்தில் இருக்கிறது. பெருவிரல் 1, சுண்டுவிரல் 5 என்று எண்ணினால், சி மேஜரில் வலக்கை ஏறும் வரிசை 1 2 3 1 2 3 4 5. இடக்கை 5 4 3 2 1 3 2 1. இரண்டு ஸ்தாயி (ச முதல் மேல் ச வரை ஒரு ஸ்தாயி) வாசிக்கும்போது நான்காம் விரலைக் கவனியுங்கள். ஸ்தாயிக்கு ஒருமுறைதான் அது வரும்: வலக்கையில் நி, இடக்கையில் ரி. இந்த இரண்டு இடமும் தவறாவிட்டால் மற்ற விரல்கள் தாமாகவே சரியாக விழும். எஃப் மேஜரில் வலக்கை மட்டும் மாறும்: 1 2 3 4 1 2 3 4. அங்கே நான்காம் விரல் மத்திமத்துக்கு, அதாவது பி ஃபிளாட்டின் கறுப்புக் கட்டைக்கு, வந்துவிடுகிறது.

பெரும்பாலோர் தவறுவது ஒன்றில்தான். சி மேஜரில் வலக்கை ஏறும்போது, மூன்றாம் விரல் க-வை அழுத்தி முடித்த பிறகே பெருவிரலை ம-வுக்குத் தேடுகிறார்கள். நேரம் போதாமல் முழங்கை வெளியே தூக்கும், மணிக்கட்டு சாயும், ம மட்டும் ஓங்கி ஒலிக்கும். இரண்டாம் விரல் ரி-யை அழுத்தும்போதே பெருவிரல் உள்ளங்கைக்கடியில் நகரத் தொடங்க வேண்டும். இறங்கும்போது வேலை மாறுகிறது: பெருவிரலின் மேல் மூன்றாம் விரல் தாண்டி வரும்.

சி மேஜர் எழுத்தில் எளிது, கைக்குக் கடினம். பியானோ இசையமைப்பாளர் சோப்பான் தம் மாணவர்களுக்கு பி மேஜரை முதலில் கொடுத்தது இதனால்தான். அதில் நீண்ட விரல்கள் ஐந்து கறுப்புக் கட்டைகளில் இயல்பாக அமரும். பெருவிரலுக்கு பி, இ என்ற இரண்டு வெள்ளைக் கட்டைகள் மிஞ்சும். தொடக்கத்திலேயே இதைக் கற்றுத் தருவது நல்லது என்பது எங்கள் கருத்து.

வேகத்துக்குச் சரளி வரிசையின் மூன்று காலமே போதும். சீரான அடி தரும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 அடியில் வைத்து அடிக்கு ஒரு சுரம், பிறகு இரண்டு, பிறகு நான்கு. முதலில் கைகள் தனித்தனியே. நான்கில் தடுமாறினால் 60-ஐக் குறையுங்கள், விரலமைப்பை மாற்றாதீர்கள். முன்கையில் வலியோ இறுக்கமோ தெரிந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

‘ஃபிங்கர் எக்ஸர்சைஸ்’ என்பதற்கு ‘விரல் பயிற்சி’ போதும். சுரவரிசை அதில் ஒரு வகை. பிரெஞ்சு பியானோ ஆசிரியர் ஹானன் 1873-இல் வெளியிட்ட 60 பயிற்சிகளில் பல, சிறு சுரக்கோவை ஒன்றைச் சுரம் சுரமாக நகர்த்துபவை. நம் அலங்காரங்களும் தாட்டு வரிசையும் செய்வது அதையே. ஒவ்வொரு சுரமும் இரட்டையாக வரும் ஜண்டை வரிசையைக் கீபோர்டில் வாசிக்கும்போது மட்டும் ஒரு எச்சரிக்கை: கட்டை முழுதாக மேலெழாமல் அடுத்த அடி விழுந்தால் எடை குறைந்த 61 கட்டைக் கீபோர்டுகளில் இரண்டாவது ச ஒலிக்காமலே போய்விடும்.