கருணைக் கொலை: யாருடைய கருணை?

கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர் நாள் வந்தால் போதும். "நிலத்தை மீட்டுக் கொடுங்கள், இல்லையென்றால் எங்களைக் கருணைக் கொலை செய்துவிடுங்கள்" என்று யாராவது மனு கொடுப்பார். தென்மாவட்டங்களில் முதியவருக்கு எண்ணெய்க் குளியலும் இளநீரும் கொடுத்துக் கதையை முடிக்கும் தலைக்கூத்தலையும் சிலர் கருணைக் கொலை என்றே எழுதுகிறார்கள். மீள முடியாத நோயாளிக்குச் சிகிச்சையை நிறுத்தலாம் என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கும் அதே சொல்தான்.

மூலச்சொல் யூத்தனேசியா. கிரேக்கத்தில் 'யூ' நல்ல, 'தனாட்டோஸ்' சாவு. இதில் கொலையும் இல்லை, கருணையும் இல்லை. நம்முடையது 'மெர்சி கில்லிங்' என்பதன் அச்சு அசல் பெயர்ப்பு.

கருணை என்பது காட்டுகிறவரின் குணம். படுத்திருப்பவர் என்ன கேட்டார் என்பதற்கு இந்தச் சொல்லில் இடமே கிடையாது. பல்லாண்டுகள் நினைவின்றிப் படுத்திருந்த மும்பை நர்ஸ் அருணா ஷான்பாக்கின் வழக்கில் (2011) சிகிச்சையை நிறுத்தச் சொன்ன எழுத்தாளரிடமும் கருணை இருந்தது, கூடாது என்று நின்ற, அவரைப் பராமரித்த மருத்துவமனைச் செவிலியரிடமும் இருந்தது. அருணாவின் விருப்பம் என்ன என்பதைத்தான் யாராலும் கேட்க முடியவில்லை.

உச்ச நீதிமன்றத்தின் 2018 மார்ச் 9 தீர்ப்பு அந்த விருப்பத்துக்குத்தான் வழி செய்தது. மீள முடியாத நிலை வந்தால் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று முன்பே எழுதிவைக்கலாம். மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டும் என்ற கெடுபிடி 2023இல் போய், நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி போதும் என்றானது. இதில் யாரும் யாரையும் கொல்வதில்லை. வென்டிலேட்டரை எடுக்கிறார்கள்; உயிரை எடுப்பது நோய். ஊசி போட்டு உயிரை முடிப்பது இந்தியாவில் இன்றும் குற்றம்தான்.

ஆனால் தலைப்பு? 'கருணைக் கொலைக்கு அனுமதி'. கொஞ்சம் படித்த மொழிபெயர்ப்பாளர் 'செயலற்ற கருணைக் கொலை' என்பார். செயலே இல்லாத கொலையாம்! ஆங்கிலத்திலேயே அந்தத் தொடரை ('பேசிவ் யூத்தனேசியா') கைவிடச் சொல்லி இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2018இல் எழுதியாயிற்று. ஐசியூ வாசலில் படிவத்தோடு நிற்கும் மகன், அப்பாவைக் கொல்லக் கையெழுத்துப் போடுவதாக அல்லவா நடுங்குவான்?

தனித்தமிழ் அன்பர்கள் 'நல்லிறப்பு' என்கிறார்கள். வேர்ப்பொருளுக்குப் பொருந்தும், சரி. ஆனால் ஊரில் 'நல்ல சாவு' என்றால் பேரன் பேத்தி எடுத்தவர் தூக்கத்தில் போய்ச் சேர்வது. சர்ச்சைக்குரிய ஒன்றுக்குப் பெயரிலேயே 'நல்ல' என்று சான்றிதழ் கொடுப்பதும் முறையல்ல. 'மருத்துவ நிறுத்தம்' என்றும் ஒருவர் எழுதியிருந்தார். டாக்டர்கள் ஸ்டிரைக் என்று நினைத்தேன்.

'உயிர்நீட்டிப்புச் சிகிச்சை நிறுத்தம்' என்பதே என் தேர்வு. நீளம்தான், ஆனால் வலிநிவாரணம் தொடரும் என்பது இதில் அடிபடாது. நெதர்லாந்தில் 2002 முதல் சட்டப்படி நடப்பது வேறு; நோயாளி கேட்க, மருத்துவரே மருந்து செலுத்துகிறார். அதை 'வேண்டிப் பெறும் இறப்பு' எனலாம்.

அப்புறம், எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று முன்பே எழுதிவைக்கும் தாளுக்கு வழங்கும் இந்த 'வாழும் உயில்' ('லிவிங் வில்'). உயிலே ஆங்கிலத்திலிருந்து வந்த சொல். செத்தபின் சொத்துக்கு ஆவது. உயிரோடு இருக்கும்போதே செல்லுபடியாகும் தாளுக்கு அது எதற்கு? 'முன்விருப்ப ஆவணம்' என்றால் நோட்டரி குமாஸ்தாவுக்கும் புரியும்.