ஸ இடம் மாறினால் மனம் ஏன் மாறுகிறது?

கீபோர்டு கற்றுக்கொள்ளும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "மேஜர் என்றால் மகிழ்ச்சி, மைனர் என்றால் சோகம் என்று வகுப்பில் சொல்லிவிட்டார்கள். ஆனால் வெள்ளைக் கட்டைகளையே வேறு வேறு இடத்தில் தொடங்கி வாசித்தால், இரண்டிலும் சேராத உணர்வுகள் வருகின்றனவே, எப்படி?"

அருமையான கேள்வி. அவர் தொட்டிருப்பது மோடுகளை, அதாவது அதே ஏழு சுரங்களை வெவ்வேறு சுரத்திலிருந்து தொடங்கும்போது கிடைக்கும் சுரவரிசைகளை. கர்நாடக இசை கேட்பவர்களுக்கு இது கிரக பேதம், ஸவை இடம் மாற்றுவது. ஒரு கட்டையை (கீபோர்டின் C; அடுத்தடுத்த வெள்ளைக் கட்டைகள் இரண்டு, மூன்று என ஏழு வரை) ஸ ஆக வைத்து வெள்ளைக் கட்டைகளை மட்டும் வாசித்தால் மேஜர், அதாவது சங்கராபரணத்தின் சுரங்கள். இரண்டு கட்டையை ஸ ஆக்கினால் டோரியன், நம் கரகரப்பிரியா. மூன்றில் ஃபிரிஜியன், தோடி. நான்கில் லிடியன், கல்யாணி. ஐந்தில் மிக்சோலிடியன், ஹரிகாம்போஜி. ஆறில் ஏயோலியன், அதுதான் இயல்பான மைனர், நடபைரவி. ஏழில் வருவது லோக்ரியன். அதற்குச் சரியான பஞ்சமம் அமையாததால் 72 மேளகர்த்தாக்களில் (கர்நாடக இசையின் தாய் ராகங்களில்) இடமில்லை. கமகமும் (சுரத்தை அசைத்துப் பாடுவது) பிடிகளும் (ராகத்துக்கே உரிய சுரத் தொடர்கள்) இல்லாமல் தோடி தோடி ஆகாது என்பது தெரிந்ததே. இங்கே ராகப் பெயர்களைச் சுரவரிசைக்கு மட்டும் பயன்படுத்துகிறேன்.

காது அதிர்வெண்ணைவிட அதிர்வெண்களின் விகிதத்தையே கவனிக்கிறது. ஸ 240 ஹெர்ட்ஸ் என்றால் அந்தர காந்தாரம், அதாவது மேஜரின் உயர்ந்த க, 300 (விகிதம் 5:4); சாதாரண காந்தாரம், மைனரின் தாழ்ந்த க, 288 (6:5). மேஜரையும் மைனரையும் முதலில் பிரிப்பது இந்த 12 ஹெர்ட்ஸ்தான். ஆனால் எல்லா விகிதமும் ஏதோ ஒரு சுரத்திலிருந்து அளக்கப்பட வேண்டும் அல்லவா? கரோல் கிரம்ஹான்ஸலும் எட்வர்ட் கெஸ்லரும் 1982-இல் வெளியிட்ட ஆய்வில், முதலில் ஒரு சுருதிச் சூழலைக் கேட்கச் செய்து, பிறகு ஒரே ஒரு சுரத்தை ஒலித்து, இது எவ்வளவு பொருந்துகிறது என்று கேட்டார்கள். முதலிடம் ஸவுக்கு. அடுத்த இடங்களில் பஞ்சமமும் காந்தாரமும். கேட்பவரின் மூளை ஒரு சுரத்தை வீடாகப் பிடித்துக்கொண்டு, மற்றவற்றை அங்கிருந்தே அளக்கிறது. வீட்டை மாற்றினால், அதே ஏழு சுரங்களுக்கும் எல்லா இடைவெளிகளும் மாறிவிடும்.

சரி, எந்த மோடு எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு இருட்டு? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வருகிறது. வெள்ளைக் கட்டைகளைப் பஞ்சமத்துக்குப் பஞ்சமம், அதாவது ஒவ்வொன்றிலிருந்தும் அதன் ஐந்தாவது சுரத்துக்கு, தாவி அடுக்குங்கள். நான்கு, ஒன்று, ஐந்து, இரண்டு, ஆறு, மூன்று, ஏழு என்று வரும். இந்த வரிசையில் ஸவை ஒவ்வொரு படியாக நகர்த்துங்கள்: கல்யாணி, சங்கராபரணம், ஹரிகாம்போஜி, கரகரப்பிரியா, நடபைரவி, தோடி, கடைசியில் லோக்ரியன்.

இப்போது அடுத்தடுத்த இரண்டை ஒப்பிட்டால், ஒவ்வொரு படியிலும் ஒரே ஒரு சுரம் அரைச்சுரம் (கறுப்புக் கட்டைகளையும் சேர்த்து எண்ணினால் ஒரு கட்டை தூரம்) இறங்கியிருக்கும். கல்யாணியில் மத்தியமம் இறங்கினால் சங்கராபரணம். அதில் நிஷாதம் இறங்கினால் ஹரிகாம்போஜி. காந்தாரம் இறங்கினால் கரகரப்பிரியா. தைவதம் இறங்கினால் நடபைரவி. ரிஷபம் இறங்கினால் தோடி. பஞ்சமமும் இறங்கினால் லோக்ரியன். இன்னும் ஒன்றுதான் மிச்சம், ஸ. அதையும் அரைச்சுரம் இறக்கிப் பாருங்கள்: புதிய ஸவிலிருந்து மறுபடியும் கல்யாணி! ஒரு முழுச் சுற்று. யாரும் உட்கார்ந்து வடிவமைக்காத ஒழுங்கு இது; ஏழு சுரங்களைப் பஞ்சமங்களால் கட்டியதன் விளைவாகத் தானே வந்து அமர்ந்திருக்கிறது.

மேஜரும் மைனரும் இந்த ஏணியின் இரண்டு படிகள் மட்டுமே. வாசகர் உணர்ந்தவை மற்ற படிகள். அரைச்சுர இடைவெளிகள் எங்கே விழுகின்றன என்று பார்த்தால் உணர்வு மாறும் விதம் இன்னும் தெளிவாகும். கல்யாணியில் அவை ஸவுக்கும் பவுக்கும் சரியாகக் கீழே இருக்கின்றன. நியும் மவும் மேல்நோக்கி உந்துகின்றன. தோடியில் அவை ஸவுக்கும் பவுக்கும் சரியாக மேலே இருக்கின்றன. ரியும் தவும் கீழ்நோக்கி அழுத்துகின்றன. ஹரிகாம்போஜியில் நிஷாதம் ஸவிலிருந்து ஒரு முழுச்சுரம் தள்ளி நிற்பதால், வீடு திரும்பும் அவசரம் இல்லை. அதன் மகிழ்ச்சி நிதானமானது. ஏணியின் நட்டநடுவில் கரகரப்பிரியா. அதன் இடைவெளிகள் ஏறும்போதும் இறங்கும்போதும் ஒன்றே. மைனர் காந்தாரம் கீழே இழுக்க, உயர்ந்த தைவதம் நிமிர்த்திப் பிடிக்க, தளராத சோகம் என்று சொல்லத்தக்க ஓர் உணர்வு பிறக்கிறது.

இதை வாசித்துப் பார்க்க விரும்பினால், வேண்டிய ஸவைக் கீழே விடாமல் ஒலிக்க வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் காது பழக்கத்தால் ஒரு கட்டைக்கே (C) ஓடிப்போய் எல்லாவற்றையும் மேஜராகக் கேட்கும். தம்பூரா செய்யும் வேலை இதுதான்.

இந்த ஏணி காதுக்கும் அப்படித்தானா? டேவிட் டெம்பர்லியும் டாஃப்னி டானும் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே மெட்டுகளை வெவ்வேறு மோடுகளில் இசைப் பயிற்சி இல்லாதவர்களுக்கு ஒலிக்கச் செய்து, எது அதிக மகிழ்ச்சி என்று கேட்டார்கள். படி இறங்க இறங்க மகிழ்ச்சி பொதுவாகக் குறைந்தது. ஆனால் உச்சியில் இருக்க வேண்டிய லிடியன் முதலிடம் பெறவில்லை, மேஜர் பெற்றது. அவர்கள் அதிகம் கேட்டு வளர்ந்தது மேஜர்தான் என்பதை இதற்குக் காரணமாகச் சொல்லலாம்.

ஆக, இயற்கை எவ்வளவு, பழக்கம் எவ்வளவு? சோகமாகப் பேசும்போது குரல் மைனர் காந்தார இடைவெளியில் இறங்குவதை மீகன் கர்ட்டிஸும் ஜாம்ஷெட் பரூச்சாவும் 2010-இல் அமெரிக்க ஆங்கிலப் பேச்சில் காட்டினார்கள். இன்னொரு பக்கம், பப்புவா நியூகினியில் நடந்து 2022-இல் வெளியான ஆய்வில், மேற்கத்திய இசை அதிகம் எட்டாத மக்களிடம் மேஜர்தான் மகிழ்ச்சி என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. எனக்கு இந்த இரண்டாவது முடிவு பெரிதாகப் படுகிறது.

இதற்கிடையே A சுரத்தை (ஆறு கட்டை) 432 ஹெர்ட்ஸில் வைத்துச் சுருதி சேர்த்தால் மனம் அமைதியாகும், நோய் தீரும் என்று ஒரு நம்பிக்கை பரவிக் கிடக்கிறது. 440 என்பது 1939-இல் லண்டன் மாநாட்டில் பரிந்துரைக்கப்பட்ட பொது அளவு. அதை 432 ஆக்கினால் எல்லாச் சுரங்களும் சேர்ந்து அரைச்சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு இறங்கும். விகிதங்கள் அப்படியே இருக்கும். பாடகர் நாலரைக் கட்டையிலிருந்து நான்குக்கு இறங்குவது இதைவிடப் பெரிய மாற்றம். அதனால் கல்யாணி தோடியாகிவிடுவதில்லை. நோயாளிகளிடம் இதைச் சொல்லிக் காசு வாங்குவது கொடுமை.

அந்தப் பணமும் கவனமும் பப்புவா நியூகினியில் நடந்தது போன்ற கள ஆய்வுகளுக்குப் போக வேண்டும். கைபேசி எட்டும் ஊர்களில் எல்லாம் மேஜரும் மைனரும் எட்டிவிடுகின்றன. அவை பழகாத காதுகள் குறைந்துகொண்டே வருகின்றன. உள்ளூர் மொழி தெரிந்த ஆய்வாளர்கள் ஒரு மெட்டை எடுத்து, கீழே ஸ ஒலித்துக்கொண்டிருக்க, ஏணியில் ஒவ்வொரு சுரமாக இறக்கி, அந்தக் காதுகளிடம் கேட்க வேண்டும். இதற்கான நிதியைத் தள்ளிப்போட நேரமில்லை.