கோபுரம் தெரியாத இடத்தில் திசை அறிவது எப்படி?

பாம்பன் தென்கடலில் முந்தின நாள் மீன் பட்ட இடத்தை மறுநாளும் தேடிப் போகும் மீனவர், கடலை நினைவில் வைத்துக்கொள்வதில்லை, கரையைத்தான் வைத்துக்கொள்கிறார். கலங்கரை விளக்கம் எந்தப் பனைக்கூட்டத்தோடு ஒரே கோட்டில் வந்து நின்றது, ராமேஸ்வரத்துத் தொலைக்காட்சிக் கோபுரம் எதற்கு நேர் பின்னால் தெரிந்தது என்ற இரண்டு கோடுகளைப் பிடித்துவிட்டால், அவை வெட்டிக்கொள்ளும் புள்ளிதான் அவருடைய இடம். அதே வீட்டுப் பிள்ளை திருச்சியில் ஏறி, புருனே செல்வதற்காகச் சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில் இறங்கி வேறு விமானம் மாறும்போது, பத்து நிமிடத்துக்குள் திசை தப்பித் திகைத்து நிற்கிறான். அவனுடைய அறியாமை அல்ல இதற்குக் காரணம்.

இடம் அறிவதற்கென்றே நம் மூளையில் செல்கள் உள்ளன. 1971-இல் நரம்பியல் ஆய்வாளர் ஜான் ஓ'கீஃப், எலியின் மூளையில் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியில், அந்த எலி அறையின் குறிப்பிட்ட ஓர் இடத்துக்கு வரும்போது மட்டும் கிளர்ச்சியடையும் செல்களைக் கண்டார். 2005-இல் மே-பிரிட் மோசர், எட்வர்ட் மோசர் ஆகியோரின் குழு, அதற்கு அருகிலுள்ள பகுதியில், தரையை அறுகோண வலையாகப் பிரித்து அளப்பதுபோல் இயங்கும் செல்களைக் கண்டறிந்தது. மூவரும் 2014-இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். எவ்வளவு நடந்தோம், எந்தப் பக்கம் திரும்பினோம் என்று மூளை கூட்டிக்கொண்டே போகும் கணக்கில் ஒவ்வொரு திருப்பத்திலும் சிறு பிழை சேரும். வெளியில் சூரியனோ கோபுரமோ கண்ணில் பட்டதும் அது திருத்தப்பட்டுவிடும். விமான நிலையத்திலோ, கால் அசையாமலே உடலை முன்னே கொண்டுசெல்லும் நகரும் நடைபாதையும், மாடி மாறுவதை உணரவிடாத நகரும் படிக்கட்டும் பிழையைப் பெருக்குகின்றன. திருத்துவதற்கு வெளியுலகம் தெரிவதில்லை. ராமேஸ்வரம் கோயிலின் மூன்றாம் பிரகாரத்தில், ஒன்றைப் போலவே மற்றொன்றாக நிற்கும் 1,200-க்கும் மேற்பட்ட தூண்களுக்கு நடுவே கிழக்கு எது என்று தடுமாறியவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

ஆகவே, பயணி முழு வரைபடத்தையும் மனத்தில் ஏற்றிக்கொள்வார் என்று வடிவமைப்பாளர்கள் எதிர்பார்ப்பதில்லை. வழி பிரியும் ஒவ்வோர் இடத்திலும் ஒரே ஒரு முடிவை மட்டும் கேட்கிறார்கள். சாங்கியில் ஏ, பி எழுத்துகளில் தொடங்கும் கேட்டுகள் மூன்றாம் முனையத்திலும், சி, டி முதலாவதிலும், இ, எஃப் இரண்டாவதிலும், ஜி நான்காவதிலும் உள்ளன. முதல் மூன்றையும் ரயில் இணைக்கிறது. நான்காவதற்குப் பேருந்தில் போக வேண்டும். எனவே முதலில் எழுத்தைப் பார்த்தால் போதும், எண்ணை அந்தக் கிளைக்குள் நுழைந்த பிறகு தேடலாம். போர்டிங் பாஸில் உள்ள '22சி' என்பது இருக்கை, 'சி22' என்பது கேட். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு நெடுந்தூரம் நடந்துவிட்டுத் திரும்பிய சபுராளிகளின், அதாவது பிழைப்புக்காக வெளிநாடு போய் வருபவர்களின், கதை எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் உண்டு.

பலகையின் நிறத்துக்கும் எழுத்துக்கும் பின்னால் கணக்கு இருக்கிறது. 1967-இல் ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிபோல் விமான நிலையத்துக்காக பென்னோ விஸ்ஸிங் என்ற வடிவமைப்பாளர், விமானம் ஏறச் செல்லும் வழிகளுக்கு மஞ்சள் பலகையும், கழிவறை, கடை போன்றவற்றுக்கு வேறு நிறமும் வைத்தார். அவசரத்தில் இருப்பவர் மஞ்சளை மட்டும் பார்த்துக்கொண்டு போகலாம். நல்ல பார்வையுள்ளவர் 30 மீட்டர் தொலைவில் ஓர் எழுத்தை அடையாளம் காண, அது சுமார் 4.4 செ.மீ. உயரமாவது இருக்க வேண்டும். பெட்டியை இழுத்துக்கொண்டு, கூட்டத்தின் தலைகளுக்கு மேலே எட்டிப் பார்த்து, நடையை நிறுத்தாமல் படிப்பதற்கு அந்த உயரம் போதாது; அதனால்தான் கேட் எழுத்துகளை அவ்வளவு பெரிதாக எழுதுகிறார்கள். ஆங்கிலம் படிக்கத் தெரியாதவருக்குப் படக்குறிகள் துணை: அமெரிக்கப் போக்குவரத்துத் துறைக்காக 1974-இல் உருவாக்கப்பட்ட 34 குறிகளின் சாயலை இன்று உலகின் பல நிலையங்களில் காணலாம்.

என் பார்வையில், மாறிச் செல்பவருக்கு உண்மையில் ஆபத்தான பிரிவு ஒன்றே ஒன்றுதான். விமானத்திலிருந்து இறங்கியதும் கூட்டத்தில் பெரும்பாலோர் பெட்டி எடுக்கும் பக்கம் விரைவார்கள். அவர்கள் பின்னாலேயே போனால் குடியேற்றச் சோதனை வரிசையில் போய் நிற்க நேரிடும், விசா இல்லாதவரால் அதைத் தாண்டவும் முடியாது. அங்கே ஆளைப் பார்க்கக் கூடாது, தலைக்கு மேலே உள்ள பலகையைத்தான் பார்க்க வேண்டும்.

கைப்பேசி வரைபடம் இருக்கிறதே என்று கேட்கலாம். சுமார் 20,200 கி.மீ. உயரத்திலிருந்து வரும் ஜி.பி.எஸ். அலை மிகவும் மெலிந்தது. திறந்த கடலில் படகின் இடத்தைச் சில மீட்டர் துல்லியத்தில் காட்டும் அதே அலை, கான்கிரீட்டும் இரும்பும் சேர்ந்த கூரைக்குள் தேய்ந்தும் சுவர்களில் பட்டுத் திரும்பியும் குழப்புகிறது. வைஃபை சைகைகளைக் கொண்டு கைப்பேசி ஓரளவு ஈடுகட்டினாலும், எந்தத் தளம் என்பதில் எளிதாக ஏமாந்துவிடும். ஒருமுறை நான் கேட் வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது, என்னைக் குறிக்கும் நீலப் புள்ளி ஓடுபாதையின் நடுவே நின்றுகொண்டிருந்தது.