வைக்கோலை உழுதால் பயிர் ஏன் மஞ்சளாகிறது?

"வைக்கோலை எரிக்காதே, மண்ணுக்குள் விடு என்றார்கள். விட்டோம். விதைத்து மூன்றாம் கிழமை வயல் முழுக்க மஞ்சள்!" மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரை வட்டைகளில் (வயல்வெளிகளில்) விவசாயிகளிடம் அடிக்கடி எழும் முறைப்பாடு இது. அவர்கள் கண்டது உண்மைதான். நாள் கணக்கு பிசகினால் இப்படித்தான் ஆகும்.

முதலில் காசைப் பார்ப்போம். ஒரு தொன் வைக்கோலில் 5 முதல் 8 கிலோ நைதரசனும் 12 முதல் 17 கிலோ பொட்டாசியமும் உண்டு. ஏக்கருக்கு இரண்டு தொன் விழுந்தால், பொட்டாசியம் மட்டுமே ஏறத்தாழ ஒரு மூடை எம்.ஓ.பி. எனும் பொட்டாசியப் பசளைக்குச் சமம். நெருப்பு வைத்தால் நைதரசன் அநேகமாக முழுவதும் புகையோடு போய்விடும். பொட்டாசியத்தில் பெரும்பங்கு சாம்பலில் மிஞ்சும், ஆனால் வெட்டு மெசின் கொட்டிய வரிசையிலேயே கிடக்கும்.

இனி மஞ்சளுக்கு வருவோம். வைக்கோலைத் தின்பவை பற்றீரியாக்களும் பூஞ்சணங்களும். அவற்றின் உடலில் 8 பங்கு காபனுக்கு ஒரு பங்கு நைதரசன் இருக்க வேண்டும். தின்ற காபனில் மூன்றில் இரண்டை மூச்சாக வெளியே விட்டுவிடும். ஆகவே காபன் 24க்கு நைதரசன் 1 என்ற உணவு கிடைத்தால் கணக்கு நேர். வைக்கோலிலோ அது 60க்கு 1, சிலவேளை 80க்கு 1.

ஒரு தொன் வைக்கோலில் சுமார் 400 கிலோ காபன். அதில் 130 கிலோ அளவு நுண்ணுயிர் உடலாக, 16 கிலோ நைதரசன் வேண்டும். வைக்கோலில் இருப்பது ஆறு. மீதிப் பத்தை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. நீங்கள் யூரியா வீசினாலும் முதற் பந்தி அவற்றுக்குத்தான், பயிர் காத்திருக்க வேண்டும்.

ஆனால் இது திரும்பி வரும் கடன். ஒவ்வொரு தலைமுறையும் மூச்சுவிட காபன் குறைந்துகொண்டே போகும். நைதரசன் அங்கேயே நிற்கும். விகிதம் 60, 40, 30 என்று இறங்கி 24க்குக் கீழே போனதும் ஓட்டம் திசை மாறும். செத்த நுண்ணுயிர்கள் பிடித்து வைத்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக வேருக்கு விடும். மாரிமழை கழுவிக்கொண்டு போயிருக்கக்கூடிய நைதரசனை உடலுக்குள் பூட்டி வைத்து, பின்னர் தரும் களஞ்சியம் இதைவிட மலிவாக எங்கும் கிடைக்காது.

2021இல் இலங்கை அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் திடீரென நிறுத்தியபோது இந்தக் கால அவகாசத்தை யாரும் மண்ணுக்குக் கொடுக்கவில்லை. சரியாக மக்காத சேதனப் பசளையை விதைப்பு நேரத்தில் போட்டாலும் இதே பறிப்புத்தான் நடக்கும். அந்த அவசரத்தின் பழியைச் சேதனப் பசளையின் தலையில் கட்டுவது அநியாயம்.

பெரும்போக அறுவடை முடிந்ததும், ஈரம் காயுமுன், வைக்கோலை வயலெங்கும் பரத்தி 5 முதல் 10 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு மட்டும் உழுங்கள். ஆழமாகப் போனால் காற்றுக் கிடைக்காது. மானாவாரி வயலில் அடுத்த விதைப்புவரை மாதக்கணக்கில் நேரம் உண்டு. மிஞ்சிய ஈரத்தில் பயறு போடலாம், அது வேர்முடிச்சால் தன் நைதரசனைத் தானே தேடிக்கொள்ளும். உன்னிச்சை, நவகிரி, கல்லோயா நீர்ப்பாசனத் திட்டங்களின் வாய்க்கால் வயல்களில் சிறுபோகத்துக்குத் தண்ணீர் கட்டுமுன் குறைந்தது மூன்று கிழமையாவது விட வேண்டும். கிளிசரிடியா மரத்தின் இலையைச் சேர்த்து உழுதால் இன்னும் நல்லது, அதன் காபன்-நைதரசன் விகிதம் 15க்கும் கீழ்.

கடலோர மணலுக்கும் சம்மாந்துறைக் களிக்கும் ஒரே நாள் கணக்குப் பொருந்தாது. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கிறது. எந்த மண்ணுக்கு எத்தனை நாள் என்று அது பத்துப் போகம் தொடர்ந்து அளக்கப் பணம் ஒதுக்க வேண்டும். இரண்டு வருடத் திட்டத்தில் மண்ணின் காபன் அசைவது கண்ணில் படாது.

மஞ்சள் கண்டால் யூரியா வாளியைத் தூக்குமுன் ஒரு பயிரைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். வெள்ளையாகவோ செம்பழுப்பாகவோ இருந்தால் நைதரசன் பசி. அடுத்த தவணையைச் சில நாள் முந்திப் போடலாம். கறுத்து, கூழ்முட்டை நாற்றம் அடித்தால் வைக்கோல் நீருக்குள் காற்றின்றி அழுகுகிறது; அமிலமும் ஐதரசன் சல்பைட்டும் வேரைச் சுடுகின்றன, மெதேன் வானுக்குப் போகிறது. அப்போது யூரியா பயன் தராது. தண்ணீரை வடித்து, நிலம் இலேசாக வெடிக்கும்வரை காய விடுங்கள்.