பக்கத்து ஃபிளாட் அன்ரிக்கு விசரோ?

வெள்ளவத்தையில் என்னிடம் உளவளத்துணைக்கு வருபவர்களில் சிலர் தங்களுடைய பிரச்சினையைக் கொண்டுவருவதில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவரின் பிரச்சினையைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். கதிரையில் இருந்த கையோடு கேட்பது ஒரே கேள்விதான்: "மிஸ், அவவுக்கு விசரோ?"

அதற்கு நான் பதில் சொல்வதில்லை. கண்ணால் காணாத ஒருவரின் வருத்தத்துக்குப் பெயர் வைக்க என்னாலும் முடியாது, கேட்பவராலும் முடியாது. நான் திருப்பிக் கேட்பது வேறு. என்ன செய்கிறார்? எத்தனை மணிக்கு? எப்போதிருந்து?

ஒருவருடைய கதையைச் சொல்கிறேன். ஆளை அடையாளம் காண முடியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். வவுனியாவிலிருந்து வேலைக்காக வந்த பெண், தாயோடு நாலாம் மாடியில் வாடகைக்கு இருந்தார். வீட்டுக்காரர் கனடாவில்; வாடகை வாங்குவது அவருடைய மச்சான். ஒரு வருட வாடகையை முற்பணமாகக் கட்டியாயிற்று, நினைத்தவுடன் எழும்பிப் போகவும் முடியாது. பக்கத்து ஃபிளாட்டில் எழுபதை நெருங்கும் அன்ரி, தனியாக. இரவு இரண்டு மணிக்குத் தும்புத்தடியால் சுவரில் இடிப்பார். விடிந்தால் இவர்கள் வாசலில் மஞ்சள் தண்ணீர் தெளித்திருக்கும். "குழாய்க்குள்ளால எனக்கு காஸ் விடுறீங்கள்" என்று படிக்கட்டில் வைத்துச் சத்தம் போடுவார்.

அந்தப் பிள்ளை செய்த முதல் வேலை, அன்ரியைக் கூட்டிவந்து குசினியைத் திறந்து காட்டியது. "பாருங்கோ, இங்க ஒண்டும் இல்லை." அன்ரி சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னாராம்: "நான் வாறனெண்டு தெரிஞ்சு ஒளிச்சுப் போட்டியள்."

அறுபது வயதுக்குப் பிறகு முதன்முறையாகத் தலைகாட்டும் ஒருவகை உளமாய நோய் இருக்கிறது. சுவர், கூரை, நிலம் வழியாக மணமோ, புகையோ, சத்தமோ, ஆட்களோ தன் வீட்டுக்குள் வருவதாக உறுதியாக நம்புவது அதில் அடிக்கடி காணப்படும் குறி. பெண்களில் கூடுதல். தனியாக இருப்பவர்களிலும் காது மந்தமானவர்களிலும் கூடுதல். அன்ரிக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை. அதை வைத்தியர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் அப்படியொன்று உண்டு என்று தெரிந்தால், ஆதாரம் காட்டி வெல்ல முடியாது என்பது விளங்கும். நீங்கள் காட்டுகிற ஒவ்வொரு ஆதாரமும் உங்களுக்கு எதிரான சாட்சியாகிவிடும்.

அதற்காக "ஓம் அன்ரி, காஸ் வருதுதான்" என்று தலையாட்டவும் வேண்டாம். நான் அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான்: "அன்ரி, எனக்கு அந்த மணம் வரேல்லை. ஆனா நீங்கள் நித்திரை இல்லாமல் கஷ்டப்படுறியள் எண்டு விளங்குது. மகனோட ஒருக்கா கதைக்கட்டோ?" பகல் நேரத்தில், தனியாகப் போய், கையெட்டும் தூரத்துக்குக் கொஞ்சம் வெளியே நின்று கதைக்க வேண்டும். குடும்பமே திரண்டு போய் வாசலில் நின்றால், பயந்திருக்கும் மனுசி இன்னும் பயப்படுவார். போனைத் தூக்கி வீடியோ எடுத்துத் தொடர்மாடியின் வட்ஸ்அப் குழுவில் போடுவது மகா கேவலமான வேலை. அதைச் செய்தவர்களும் என்னிடம் வந்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் செய்யச் சொன்னேன்: ஒரு கொப்பியில் திகதி, நேரம், நடந்தது. கோபத்தை அதில் எழுத வேண்டாம். இரண்டு கிழமை எழுதியபின் அவருக்கே ஒன்று பிடிபட்டது. இடி விழுந்ததில் பாதிக்கு மேல், இவர்கள் வேலையால் வந்து இரவில் வாஷிங் மெஷின் போட்ட நாட்கள். மெஷினைச் சனிக்கிழமை காலைக்கு மாற்றினார்கள். இடி நிற்கவில்லை, குறைந்தது.

"எப்போதிருந்து" என்ற கேள்விக்கு வருகிறேன். மாதக்கணக்கில் மெல்ல மெல்ல மாறியவர் வேறு. நேற்றுவரை நன்றாக இருந்த முதியவர் இரண்டு நாளில் ஆளையே மறந்து, இடம் தெரியாமல் பிதற்றினால் அது வேறு. சிறுநீர்த் தொற்றுக்கூட அப்படிச் செய்யும். பல வருடமாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தி, இரண்டு மூன்று நாளில் கை நடுங்கி, இல்லாததைக் கண்டு கத்தினால் அதுவும் உயிராபத்து. இவை 1990 சுவசரிய அம்புலன்சைக் கூப்பிட வேண்டிய விஷயங்கள், அயலவர் சண்டை அல்ல.

"அங்கொடைக்கு அனுப்ப வேணும்" என்று சொல்வது எங்கள் வாயில் ஏச்சாகவே ஊறிப்போய்விட்டது. அங்கொடையில் இருப்பது தேசிய மனநல நிறுவகம்; அதன் 1926 தொலைபேசி இலக்கத்துக்கு அயலவரும் எடுத்து என்ன செய்யலாம் என்று கேட்கலாம். ஆனால் அயலவர் கையெழுத்து வைத்து ஒருவரை அங்கே அனுமதிக்க முடியாது. 1873 ஆம் ஆண்டின் மனநோய்கள் கட்டளைச் சட்டமும் ஒருவருடைய மனநிலையை விசாரிக்கும் வேலையை மாவட்ட நீதிமன்றத்திடம்தான் கொடுத்தது, பக்கத்து வீட்டாரிடம் அல்ல. நடைமுறையில் வழி குடும்பத்தின் ஊடாகத்தான். மகனோ மருமகளோ எங்கே என்று செக்யூரிட்டிக்குத் தெரியும். இல்லாவிட்டால் கிராம உத்தியோகத்தரைக் கேளுங்கள்.

கத்தி, நெருப்பு, கதவை உடைத்தல் என்றால் யோசிக்காதீர்கள். கதவைப் பூட்டிவிட்டு 119. மற்றபடி பொலிசில் ஒரு என்ட்ரி போட்டுவைப்பது நல்லது என்றபோது அந்தப் பிள்ளையின் தாய் மறுத்துவிட்டார். 2007 ஜூனில் கொழும்பு லொட்ஜ்களில் இருந்த தமிழரைப் பொலிசார் பஸ்ஸில் ஏற்றி அனுப்பியது அவருக்கு மறக்கவில்லை. அந்தப் பயத்தைப் பகிடியாக எடுக்க என்னால் முடியாது. போவதானால் கொப்பியோடு போங்கள். "விசர்" என்று சொல்லாமல் நடந்ததைச் சொல்லுங்கள். சிங்களத்தில் எழுதியதை விளங்கிக்கொள்ளாமல் கையெழுத்து வைக்காதீர்கள்; அரசியலமைப்பின் 1987 இன் 13 ஆவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழி. மத்தியஸ்த சபை அயலவர் பிணக்குக்கு நல்ல இடம்தான், ஆனால் இரண்டு பக்கமும் கேட்டுக் கதைக்கக்கூடிய நிலையில் இருந்தால்.

வீட்டுக்காரருக்குப் போனில் சொன்னது காற்றோடு போகும். திகதி போட்டு எழுதி அனுப்புங்கள். பக்கத்து ஃபிளாட்டும் அவருடையதென்றால் அவர் கதைத்தே ஆக வேண்டும். இல்லையென்றால் தொடர்மாடியின் முகாமைத்துவக் குழுவுக்கும் ஒரு பிரதி. பின்னர் முற்பணத்தின் மிச்சத்தைக் கேட்கும்போது இந்தக் கடிதங்கள்தான் கைகொடுக்கும்.

அன்ரியின் மகன் அவுஸ்திரேலியாவிலிருந்து இரண்டு கிழமை லீவில் வந்தார். முதலில் "அம்மா அப்பிடித்தான்" என்றவர், ஒரு இரவு அங்கே படுத்தெழும்பிய பிறகு வைத்தியரிடம் கூட்டிப்போனார். காதுக்கு மெஷின், இரவில் ஒரு குளிசை, பகலில் துணைக்கு ஒரு பிள்ளை. மஞ்சள் தண்ணீர் மட்டும் இன்னும் வெள்ளிக்கிழமைகளில் தெளிக்கப்படுகிறதாம். அந்தப் பிள்ளையின் தாய் இப்போது அதைத் துடைப்பதில்லை.